யவனர் சரக்கும் திரிங்காப் நாக்கும்

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பருக வேண்டும் என்று ஐரோப்பாக்காரர்கள் எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். எந்த ஊர் அறை என்று எழுதவில்லை. கோலாலம்பூரில் என் மகள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் மத்தியானம் 32 பாகை. அங்கே ஒயினைத் திறந்தால் அடுப்பிலிருந்து இறக்கிய ரசம் மாதிரி ஆவி பறக்காத குறைதான். அந்த விதியை எழுதியவர்கள் பழைய கல் வீடுகளில், 16, 18 பாகைக் குளிரில், கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தவர்கள். அதாவது எங்கள் ஆட்கள். திரிங்காப்பில் பொழுது சாய்ந்தால் என் வீட்டுக் கூடத்தில் கூடாமல் குறையாமல் அந்த வெப்பம்தான். வெள்ளை ஒயினுக்கு இன்னும் கொஞ்சம் குளிர் வேண்டுமா, பின்வாசல் படியில் வைத்துவிட்டு இரவுச் செய்தி கேட்டு முடித்து எடுத்தால் போதும். ஐரோப்பிய ஒயினைப் பற்றிப் பேச மலேசியத் தமிழர்களில் கேமரன் மலைக்காரர்களுக்கே முதல் உரிமை என்பது என் கட்சி. மின்சாரக் கட்டணத்தை வைத்துப் பார்த்தாலாவது ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கேமரன் மலைக்கு வருகிறவர்கள் தானா ராத்தாவில் ஸ்கோன் தின்று, பிரிஞ்சாங்கில் ஸ்ட்ராபெரி பறித்து, கியா ஃபார்மில் அவித்த சோளத்தைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவார்கள். அதற்கு அப்பால், வடக்கே, திரிங்காப்பில் நின்று பார்க்க அவர்களுக்கு ஒன்றும் இல்லை. நாங்கள் இருக்கிறோம், முட்டைகோஸ் இருக்கிறது. சரிவெல்லாம் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டம், சாமந்திக்கு ராத்திரியும் விளக்கு, விடிவதற்குள் கீழே இறங்க வேண்டிய லோரிகள். தேயிலைப் பச்சை அடுத்தடுத்த மலை மடிப்புகளில் இருக்கிறது.

எங்கள் அப்பாவின் வாழ்நாள் அந்த மடிப்புகளில் ஒன்றில் கழிந்தது. தேயிலை ஆலையில் தரம் பார்க்கும் மேசைக்குக் கோப்பை அடுக்குகிற வேலை. இலையை நிறுத்துப் போட்டு, கொதிநீர் ஊற்றி, ஆறு நிமிடம் பொறுத்து, வெள்ளைக் கோப்பைகளில் வடித்து வரிசையாக வைக்க வேண்டும். துரை வந்து ஒவ்வொன்றாக உறிஞ்சித் துப்பிவிட்டுப் போவார். துரை போன பிறகு அப்பா மிச்சத்தை உறிஞ்சித் துப்புவார். துரை எழுதிவைத்த குறிப்பும் அப்பா மனத்துக்குள் போட்ட மார்க்கும் பெரும்பாலும் ஒத்துப்போகுமாம். ஒத்துப்போகாத நாட்களில் துரைக்குச் சளி பிடித்திருந்தது என்பார்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒயின் நுழைந்தது மாப்பிள்ளை வழியாக. ஷா ஆலாமில், ஒயின் இறக்குமதி செய்யும் ஒரு கிடங்கில் அவர் கணக்குப் பார்க்கிறார். லேபல் கிழிந்தது, பெட்டி நனைந்தது எல்லாம் ஊழியர்களுக்கு மலிவாகக் கிடைக்கும். பள்ளி விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சிம்பாங் பூலாய் வழியாக மலையேறி வரும்போது வண்டியின் பின்னால் ஒரு பெட்டி ஒவ்வொரு வளைவிலும் கிலுகிலுத்துக்கொண்டே வரும். மாமனார் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு வரலாமே என்பீர்கள். திரிங்காப்புக்குப் பழமும் காய்கறியும் கொண்டுவருகிற மருமகனை ஊரே நின்று வேடிக்கை பார்க்கும்.

என் வீட்டுக்காரிக்கு இது பிடிக்கவில்லை. அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. அவள் கெடாவில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்துக்கு ஒரு மூலையில் மாரியம்மன் கோயில், இன்னொரு மூலையில் கள்ளுக்கடை. சம்பள நாளில் எந்த மூலையில் கூட்டம் என்று கேட்க வேண்டியதில்லை. 1947-இல் அதே கெடாவில் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி தொண்டர் படை திரட்டிக் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றார். போலீஸ் வந்தது, கைகலப்பு வந்தது, உயிர்ப்பலியும் ஆனது. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் அவள். கள்ளுக்குப் பிறகு சம்சு வந்தது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் ஆண்டுக்கணக்காகத் தொண்டை வறளக் கத்தியும் அந்தச் சின்னப் போத்தல் எத்தனையோ லயத்து வீடுகளில் சம்பளத்தையும் ஈரலையும் சேர்த்தே விழுங்கியது. ஆகவே அவளுக்குப் போத்தல் என்றால் போத்தல்தான். பிரான்சிலிருந்து வந்தால் என்ன, பாலிங்கிலிருந்து வந்தால் என்ன. போதாக்குறைக்கு, 'மெமினும் அராக் போலே மெம்பஹாயாக்கான் கெசிஹாத்தான்' என்று மதுப் போத்தலில் எழுதியிருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். மாப்பிள்ளை லேபலில் ஊர், ஆண்டு, திராட்சை என்று தேடிக்கொண்டிருக்கும்போது அவள் நேராக அந்த வரிக்குப் போவாள். "குடிச்சா ஒடம்பு கெடும்னு அவனே எழுதியிருக்கான் பாருங்க மாப்ள. இதுக்கு மேல நான் என்ன சொல்றது?"

மாப்பிள்ளை கணக்குப்பிள்ளை. பழைய வரவுசெலவைத் தோண்டுவதில் கெட்டிக்காரர். "அத்தை, உங்களுக்குப் பிள்ளை பொறந்தப்ப பாட்டி என்ன குடுத்தாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் மாமியார் துணி அலமாரிக்குள்ளிருந்து ஒரு போத்தல் எடுத்து, காலையும் மாலையும் மருந்து கிளாஸில் அளந்து கொடுத்தார். வின்கார்னிஸ். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் நார்விச் நகரத்தில் செய்யத் தொடங்கிய டானிக் ஒயின். ஆரம்ப காலத்தில் ஒயினோடு இறைச்சிச் சாறும் மால்ட்டும் கலந்தே விற்றார்கள். பெயரின் பின்பாதியே இறைச்சியைக் குறிக்கிற லத்தீன். மலாயாவில் பிள்ளை பெற்ற வீடுகளில் அதற்குத் தனி மரியாதை இருந்தது. அந்தக் காலத்தில் இதை உடம்புக்கு நல்லது என்று வாங்கிக் குடித்த சைவக் குடும்பங்கள் எத்தனை என்று யாரும் கணக்கெடுக்காமல் இருப்பதே ஊர் ஒற்றுமைக்கு நல்லது.

"அது மருந்து" என்றாள் அவள்.

"இதையும் அதே கிளாஸ்ல அளந்துதான் குடிக்கப்போறோம்" என்றார் மாப்பிள்ளை.

ஒப்பந்தம் ஏற்பட்டது. பிள்ளைகள் தூங்கிய பிறகு, சாப்பாட்டோடு, மருந்து கிளாஸ் அளவுக்கு. அவள் குடிக்க மாட்டாள், உட்கார்ந்து கண்காணிப்பாள். மோந்து பார்ப்பதில் பாவமில்லை என்று மட்டும் இறங்கி வந்தாள். அந்த இறக்கத்தால்தான் இந்தக் கட்டுரைக்கு ஏதாவது விஷயம் கிடைத்தது. ஏனென்றால் எங்கள் நால்வரில் மூக்கு என்று ஒன்று இருந்தது அவளுக்கு மட்டும்தான்.

முதலில் திறக்க எடுத்த போத்தலில் கறுப்புச் சேவல். இத்தாலியின் கியான்டி கிளாசிக்கோவுக்கு அது அடையாளம். ஃபுளோரன்சும் சியனாவும் எல்லைக்காகச் சண்டை போட்டு ஓய்ந்து, சேவல் கூவியதும் இரண்டு ஊரிலிருந்தும் ஒரு குதிரைக்காரன் புறப்படட்டும், சந்திக்கிற இடமே எல்லை என்று முடிவு செய்தார்களாம். ஃபுளோரன்ஸ்காரர்கள் தங்கள் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டுவிட, அது பசியில் விடியும் முன்னே கூவி, பெரும்பங்கு நிலத்தை வாங்கிக் கொடுத்துவிட்டது என்று கதை. இவ்வளவையும் மாப்பிள்ளை சொல்லி முடித்தார். வீட்டுக்காரி சேவலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முருகன் கொடியில இருக்கறதக் கொண்டுபோய் எதுல ஒட்டியிருக்கானுங்க!" அன்று வெள்ளிக்கிழமை. மாலையில்தான் பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போய் வந்திருந்தாள். நிகழ்ச்சி சனிக்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

சனிக்கிழமை மாப்பிள்ளை முறைப்படி கிளாஸைச் சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டார், கண்ணை மூடினார். "செர்ரி, பிளம், கொஞ்சம் தோல்" என்றார். எனக்குத் தெரிந்த செர்ரி கேக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் சிவப்புச் சர்க்கரைக் கோலி. தோல் என்றால் பள்ளிக்கூடத்துச் சப்பாத்து. இரண்டையும் கிளாஸுக்குள் தேடினேன். வாடகைக்கு வீடு தேடியதோடு சரி, அதற்குப் பிறகு எதையும் அவ்வளவு மும்முரமாகத் தேடியதில்லை.

அப்பா யாரையும் கவனிக்கவில்லை. சமையலறையிலிருந்து மேசைக்கரண்டி ஒன்றை எடுத்துவந்தார். அதில் ஊற்றி, உதட்டருகே வைத்து, விசில் சத்தம் வர உறிஞ்சினார். வாயில் இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் உருட்டினார். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் துப்பினார். ஒரு கரண்டியில் நிறுத்தியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்போம். மறுபடி ஊற்றி, மறுபடி உறிஞ்சி, மறுபடி துப்பினார்.

"கடையில எழுவது வெள்ளி தாத்தா அது" என்றார் மாப்பிள்ளை, குரல் கம்ம.

வீட்டுக்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். "குடிச்சவனத் திட்டியிருக்கேன். துப்பினவரத் திட்டறது இதான் மொதத் தடவ."

பிறகு மாப்பிள்ளையே ஒப்புக்கொண்டார். ஒயின் சுவை பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் காற்றையும் சேர்த்து இப்படித்தான் உறிஞ்சுவார்களாம், இப்படித்தான் துப்புவார்களாம். எங்கள் வீட்டில் ஒயின் படிப்புப் படித்தவர் அவர். தொழில் தெரிந்தவர் அப்பா. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "சாயம் நல்லா இருக்கு. துவர்ப்பு சரி. வாட்டல்தான் போதல, பச்ச வாசம் அடிக்குது." அடுத்த கேள்வி கேட்டார். "தம்பி, இதுக்குப் பால் ஊத்தலாமா?"

மாப்பிள்ளைக்கு அன்றிரவு இரண்டாவது அதிர்ச்சி. ஆனால் கேள்வியில் தப்பில்லை. தேயிலையில் நாக்கைப் பிடித்து இழுக்கிற சரக்கும் திராட்சைத் தோலில் இருக்கிற சரக்கும் டானின் என்கிற ஒரே குடும்பம். பால் ஊற்றினால் தேத்தண்ணீரின் துவர்ப்பு அடங்குவதற்குக் காரணம், பாலில் உள்ள புரதம் டானினைப் பிடித்துக்கொள்வது. ஐரோப்பாக்காரன் சிவப்பு ஒயினுக்குப் பக்கத்தில் சீஸையும் இறைச்சியையும் வைப்பது அதே வேலைக்குத்தான். பாலைத் தட்டில் வைக்கிறான், நாம் கோப்பையில் ஊற்றுகிறோம். எங்கள் வீட்டில் சீஸ் இல்லை, ஆட்டுக்கறிப் பிரட்டல் இருந்தது. ஒரு துண்டு கறி, ஒரு வாய் கியான்டி. முரண்டு பிடித்த ஒயின் சாதுவாகிவிட்டது. கறிதான் அந்த இரவில் தீர்ந்துபோனது, ஒயின் மிச்சம்.

அடுத்த போத்தல் பிரான்சின் லுவார் ஆற்றங்கரையிலிருந்து வந்த சான்செர். வெள்ளை. மாப்பிள்ளை கூஸ்பெரி என்றார், வெட்டிய புல் என்றார், ஈரக் கல் என்றார். வீட்டுக்காரி கிளாஸைக் கையில் கூட வாங்கவில்லை. மேசையில் இருந்ததற்கு மேலாக ஒரு தடவை மூச்சிழுத்து, "கேப்சிகம்" என்றாள். பச்சைக் கேப்சிகத்தை வெட்டியதும் கிளம்புகிற அதே வாசம். மாப்பிள்ளை கைப்பேசியில் தேடிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பச்சைக் குடைமிளகாய்க்கு அந்த மணத்தைக் கொடுக்கும் பைரசின் என்ற வகைப் பொருள்தான் இந்தச் சொவிஞ்ஞோன் பிளாங்க் திராட்சையிலும் இருக்கிறதாம். வெயில் குறைந்த, குளிர்ந்த ஊரில் விளைந்தால் கூடுதலாகத் தங்குமாம். எதிரே தௌக்கேயின் கூடாரத்தில் கேப்சிகம் மூட்டை மூட்டையாகக் காய்க்கிறது. ஒரு கேப்சிகத்தைக் கிள்ளி மோந்து பார்க்க லுவார் ஆறு வரைக்கும் போவானேன் என்று அவள் கேட்டதற்குக் கூட்டத்தில் பதில் இல்லை.

மூக்கைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஊரின் ஒரு தனிச் சிறப்பைச் சொல்லாமல் விடக்கூடாது. காய்கறித் தோட்டங்களுக்குக் கோழி எருதான் தெம்பு. எரு லோரி ஏறி வருகிற நாளில் சன்னலைத் திறந்தாலும் சாத்தினாலும் ஒன்றுதான். அப்படிப்பட்ட ஒரு நாளில் ரோன் பள்ளத்தாக்குச் சிவப்பு ஒயினைத் திறந்தார் மாப்பிள்ளை. மோந்தார், முகம் மலர்ந்தது. "அடடா, பண்ணை வாசம்!" பிரெட்டனோமைசிஸ் என்று ஓர் ஈஸ்ட் உண்டு. பீப்பாய்க்குள் புகுந்துவிட்டால் ஒயினுக்குக் குதிரை லாயத்து மணத்தைக் கொடுத்துவிடும். அளவு மீறினால் கெட்டுப்போன ஒயின், கொஞ்சமாக இருந்தால் பாரம்பரியம் என்று விலை ஏற்றிவிடுவார்கள். எங்கள் சங்கடம் வேறு. அந்த வாசம் ரோனிலிருந்து வருகிறதா, ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறதா என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. சன்னலைச் சாத்திப் பார்த்தோம், கிளாஸை மூடிப் பார்த்தோம், கிளாஸை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்ப் பார்த்தோம். குளியலறைச் சோதனை வழக்கை மேலும் சிக்கலாக்கியது. "இந்த வாசத்துக்குக் காசு குடுக்கறாங்களா? நம்ம தௌக்கேகிட்ட சொல்லாதீங்க, எருவைப் போத்தல்ல அடச்சுருவாரு" என்று அப்பா எச்சரித்தார். அன்று மதிப்பெண் போடவில்லை.

ஸ்பெயினின் ரியோகா வந்தபோது காட்சி மாறியது. மாப்பிள்ளை வனிலா என்றார். வீட்டுக்காரி, "வனிலாவும் இல்ல ஒண்ணும் இல்ல, கொப்பர" என்றாள். மறுபடி கைப்பேசி. ரியோகாவில் அமெரிக்க ஓக் மரப் பீப்பாய்களைப் பெரிதும் பயன்படுத்துவது வழக்கம். அந்த மரத்திலிருந்து ஒயினில் இறங்குகிற லாக்டோன் என்ற பொருளுக்குத் தேங்காய் மணம். மாப்பிள்ளை கைப்பேசியை மேசையில் குப்புற வைத்துவிட்டார். போத்தலில் 'ரெசர்வா' என்று எழுதியிருந்தால் மூன்று ஆண்டு வைத்திருந்து விற்பது, அதில் ஓராண்டாவது பீப்பாயில். 'கிரான் ரெசர்வா' என்றால் ஐந்து ஆண்டு. அப்பாவால் இதை நம்ப முடியவில்லை. பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றாட வைத்து, சூடேற்றிக் காயவைத்து மறுநாளைக்குள் பெட்டி கட்டிய ஆலையில் இருந்தவர். "அஞ்சு வருஷம் ஸ்டோர்ல வச்சிருந்தேன்னு சொன்னா துரை என் சீட்டைக் கிழிச்சிருப்பாரு" என்றார். ஆனால் ரியோகாவை அவர் துப்பவில்லை என்பதை நானும் மாப்பிள்ளையும் கவனித்தோம். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

ஷாம்பேன் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தக்கை வெடித்த சத்தத்தில் பேரப்பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள், அவர்களைத் திரும்பத் தூங்கவைத்து வருவதற்குள் குமிழி அடங்கிவிட்டது. அல்சாஸிலிருந்து வந்த கெவுர்ஸ்டிராமினர், பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஊற்றிக் குடித்துவிடலாம். பிரெஞ்சுப் போத்தலில் ஜெர்மன் பெயர், ஏனென்றால் 1871-க்கும் 1945-க்கும் இடையில் அந்த மாநிலம் இரண்டு நாடுகளுக்கும் நடுவே மாறி மாறிக் கை மாறியது. வாசமோ சுத்தமான லைச்சியும் ரோஜாவும். "பண்டோங் சிராப்பு, பால் ஊத்தல, அவ்வளவுதான்" என்றார் அப்பா. இதுவும் சரிதான். லைச்சிக்கும் ரோஜாவுக்கும் அந்த ஒயினுக்கும் பொதுவாக ஒரே மணப்பொருள் இருக்கிறது. இதற்குள் மாப்பிள்ளை கைப்பேசியில் தேடுவதையே விட்டிருந்தார்.

ஜெர்மனியின் மோசல் ரீஸ்லிங்குக்குத் தனி மேசை போட வேண்டும். பழைய ரீஸ்லிங்கில் பெட்ரோல் வாசம் வரும் என்று மாப்பிள்ளை முன்கூட்டியே பயமுறுத்திவைத்திருந்தார். அப்பா மோந்தார், சற்று நேரம் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. "பெட்ரோல் இல்ல. மண்ணெண்ணெய்" என்றார். கரண்ட் வராத லயத்தில் விளக்கு வைத்துப் படித்தவர்கள் வீட்டு வாசம். எண்ணெய் சிந்தினால் அவருடைய அம்மா முதுகில் வைக்கிற அடியும் கூடவே நினைவுக்கு வந்ததாம். வனிலாவும் பிளம்மும் கொடுக்காத ஒன்றை இது கொடுத்தது.

மோசல் ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டங்களின் படத்தை மாப்பிள்ளை காட்டினார். பிரெம் என்ற ஊரருகே கால்மொன்ட் என்ற சரிவு. செங்குத்து 65 பாகைக்கு வரும். பலகைக்கல் பாறையில் ஒவ்வொரு கொடிக்கும் ஒரு கம்பு நட்டு வளர்த்திருக்கிறார்கள். சில இடங்களில் ஆளையும் கூடையையும் ஏற்றிப்போக ஒற்றைத் தண்டவாள வண்டி. அப்பா படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒயினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இந்தச் சரிவுல யாரு ஏறிப் பறிக்கறா?" என்றார். போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் பருவத்துக்கு வந்து பறித்துவிட்டுப் போகிறார்கள் என்றார் மாப்பிள்ளை. எங்கள் மலையிலும் இப்போது கொழுந்தெடுப்பது வங்காளதேசத்துப் பிள்ளைகளும் நேப்பாளத்துப் பிள்ளைகளும்தான். ஒரு காலத்தில் அந்த இடத்தில் நாங்கள். "சம்பளம் சரியா குடுக்கறானா?" என்று அப்பா கேட்டதற்கு லேபலில் பதில் இல்லை.

சாப்பாட்டு விஷயத்திலும் ரீஸ்லிங்தான் எங்கள் கட்சி. அன்றைக்கு நெத்திலி சம்பாலும் கருவாட்டுக் குழம்பும். மிளகாய்க் காரத்தின் மேல் 14 விழுக்காடு ஆல்கஹால் உள்ள சிவப்பு ஒயினை ஊற்றினால் காரம் இரண்டு பங்காக எரியும். டானின் கசக்கும், நாக்குக்கு எந்தப் பக்கம் அணைப்பது என்று தெரியாது. மோசலின் கபினெட் வகையில் ஆல்கஹால் 8, 9 விழுக்காடுதான். நல்ல புளிப்பு, அடியில் ஓர் இனிப்பு. புளிக்குழம்புக்குள் வெல்லம் கிள்ளிப் போடுகிறவளுக்கு இதன் நியாயம் உடனே புரிந்தது. "இத ஆக்குனவனுக்குச் சமைக்கத் தெரியும்" என்றாள், குடிக்காமலே. ஐரோப்பிய ஒயின் இலாகாவுக்கு அவள் கொடுத்த முதல் நற்சான்றிதழ்.

கடைசிப் பெட்டியில் கிரேக்க நாட்டு ரெட்சினா ஒன்று இருந்தது. கிடங்கில் யாரும் எடுக்காமல் மூலையில் கிடந்ததாம். திறந்ததும் வீட்டுக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சாமி ரூம்புல யாரு சாம்பிராணி போட்டா?" யாரும் போடவில்லை. ரெட்சினா என்றால் பைன் மரப் பிசின் சேர்த்த ஒயின். அந்தக் காலத்தில் மண்சாடிக்குள் ஒயின் கசியாமலும் கெடாமலும் இருக்க உள்பக்கம் பிசின் பூசினார்கள். சாடி போய்ப் போத்தல் வந்த பிறகும் அந்த ருசியை மட்டும் கிரேக்கர்கள் விடவில்லை. அப்பா ஒரு கரண்டி உறிஞ்சினார், ஓடிப்போய்த் துப்பினார், வாய் கொப்பளித்தார். "வார்னிஷ்" என்றார்.

எனக்கு மட்டும் அதன் மேல் ஒரு மரியாதை வந்தது. யவனர் கொண்டுவந்து இறக்கிய மதுவைப் பெண்கள் பொற்கலத்தில் ஏந்தித் தர, நாளும் பருகி இன்புற்றிரு என்று பாண்டியன் நன்மாறனை வாழ்த்தியிருக்கிறார் நக்கீரர். புறநானூற்றில் 56-ஆம் பாட்டு. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் தோண்டியபோது அந்தச் சாடிகளின் ஓடுகள் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. ஆம்போரா என்று பெயர். மத்தியதரைக் கடலோரத்திலிருந்து ஒயினும் எண்ணெயும் சுமந்து வந்தவை. சாடிக்குப் பிசின் பூச்சு உண்டு என்றால் கணக்கு என்ன ஆகிறது? பாண்டிய மன்னன் பொற்கிண்ணத்தில் குடித்ததும் எங்கள் அப்பா தொட்டியில் துப்பியதும் ஏறக்குறைய ஒரே ருசியாக இருந்திருக்கலாம். நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் குற்றம் குற்றமே என்று சிவபெருமானிடமே நின்றவர் என்று கதையில் வருகிற நக்கீரர், இந்தச் சாம்பிராணிச் சரக்கில் மட்டும் ஒரு குற்றமும் கண்டுபிடிக்கவில்லை. அவரும் இவரும் ஒருவர்தானா என்பதைப் பண்டிதர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எங்கள் அப்பா அந்தச் சபையில் இருந்திருந்தால் பாட்டு வேறு மாதிரி வந்திருக்கும்.

துப்பிய வாயைச் சரிசெய்ய மாப்பிள்ளை போர்ட் ஒயினைத் திறந்தார். போர்ச்சுக்கலின் டோரோ பள்ளத்தாக்கு. 1756-லேயே எல்லை வகுத்து, இந்த எல்லைக்குள் விளைந்ததுதான் போர்ட் என்று அரசாங்கம் வரையறுத்த இடம். பாதி நுரைக்கும்போதே திராட்சைச் சாராயத்தை ஊற்றி நுரைப்பை நிறுத்திவிடுவதால் இனிப்பு அப்படியே தங்கிவிடும், ஆல்கஹாலும் 20 விழுக்காட்டுக்கு ஏறிவிடும். இந்த விவரம் எதையும் வீட்டுக்காரி கேட்கவில்லை. மோந்தாள். மறுபடி மோந்தாள். எழுந்து போய், பேரனுக்கு இருமல் மருந்து ஊற்றுகிற கிளாஸை அலசிக்கொண்டு வந்தாள்.

"இது மருந்து" என்றாள்.

நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை.

கணக்கை முடித்துவிடுகிறேன். திரிங்காப் தீர்ப்பாயத்தின்படி, நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு மோசல் கபினெட் முதலிடம். ஆட்டுக்கறி இருந்தால் ரியோகா ரெசர்வா. கியான்டி கறிக்காகப் பிழைத்தது. ரோனுக்கு எரு லோரி வராத நாளில் மறு விசாரணை. சான்செருக்குப் பதிலாக நான் கேப்சிகம் வாங்கித் தருகிறேன். ரெட்சினா பாண்டிய வம்சத்தாருக்கு மட்டும். போர்ட் எங்கள் வீட்டு மருந்து அலமாரியில் இருக்கிறது, சாவி என்னிடம் இல்லை. அப்பா எல்லாவற்றுக்கும் மேலாகச் சொன்ன ஒரே தீர்ப்பு, "நல்ல சாயமா ஒரு தே ஓ போடு."

மலைக்கு வருகிறவர்கள் திரிங்காப்பிலும் ஒரு தடவை நிறுத்துங்கள். போத்தல் உங்களுடையது, குளிரும் கருவாட்டுக் குழம்பும் எங்களுடையது. ஆனால் திறந்துவிட்டால் ராத்திரி இங்கேயே படுத்துவிட்டுக் காலையில் இறங்குங்கள். 2020-இல் திருத்திய சட்டப்படி, குடித்துவிட்டு வண்டியோட்டினால் முதல் தடவைக்கே அபராதம் 10,000 வெள்ளியில் தொடங்குகிறது. எங்கள் வீட்டில் மெத்தை சும்மா கிடக்கிறது.